ஃபிளாஷ்பேக் விளக்கு சிமிட்டாமல் நின்றுவிட்டால்

ஃபிளாஷ்பேக் (பென்டிரைவிலிருந்து பயாஸை, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளை, அப்டேட் செய்யும் வசதி) பொத்தானை அழுத்தினால், ஐந்து விநாடி சிமிட்டிவிட்டு விளக்கு அணையாமல் எரிகிறது என்கிறீர்கள். ஏசூஸ் மதர்போர்டில் அப்படி வந்தால் அப்டேட் தொடங்கவே இல்லை என்று அர்த்தம். போர்டு செத்துவிடவில்லை, பயப்படாதீர்கள்.

நீங்கள் செருகிய பென்டிரைவ் 64 ஜிபி என்பதுதான் எனக்கு இடிக்கிறது. அந்த அளவுள்ளவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் இருக்கும். ஃபிளாஷ்பேக்குக்கு ஃபேட்32 வேண்டும். பழைய 8 ஜிபி ஏதாவது வீட்டில் கிடந்தால் அதை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்யுங்கள். இறக்கிய பயாஸ் ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் பயாஸ்ரீநேமர் (BIOSRenamer) என்ற சிறு நிரலை ஓட்டினால், .CAP என்று முடியும் பயாஸ் ஃபைலுக்குச் சரியான பெயர் வந்துவிடும். அதைப் பென்டிரைவில் போடுங்கள், ஃபோல்டர் எதற்குள்ளும் வைக்காதீர்கள்.

அப்புறம், பின்பக்கம் பயாஸ் என்று குறித்திருக்கும் போர்ட்டில்தான் செருக வேண்டும். (பக்கத்துப் போர்ட்டில் செருகிவிட்டு அரை மணி நேரம் முழித்தவன் நான்.) கணினி அணைந்திருக்கட்டும், பவர் சப்ளை மட்டும் ஆனில். ஃபிளாஷ்பேக் பொத்தானை மூன்று விநாடி அழுத்துங்கள். விளக்கு தானாக அணையும்வரை எதையும் தொடாதீர்கள்.