கடல் கடந்த விமானத் தளங்கள்: வாசகர் கேள்வி – பதில்

காங்கோ நாட்டின் கோமா நகரில் ஐ.நா. அமைதிப் பணியில் இருந்த நாட்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்த வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருந்தனர். அவற்றில் சிலவற்றுக்கு, அக்குறிப்பை எழுதியவரும் ஏற்காட்டில் குடியிருப்பவருமான ஓய்வுபெற்ற விமானப்படைத் தொழில்நுட்பப் பணியாளர் பதிலளிக்கிறார்.

என் தந்தை விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓராண்டு காங்கோவில் இருந்தவர். அங்கு நடந்த சண்டையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். மெஸ் சாப்பாடு, தண்ணீர் லாரி, சீட்டாட்டம் என்றால் மட்டும் மணிக்கணக்கில் பேசுகிறார். எதையோ மறைக்கிறாரா?
– ஒரு வாசகர், ஓமலூர்

அவர் எதையும் மறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தம் கண்ணால் கண்டதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு ஹெலிகாப்டரில் ஏறிப் பறப்பவர்கள் நான்கைந்து பேர் என்றால், அது பறப்பதற்காகத் தரையில் உழைப்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு இருப்பார்கள். அவர்களுடைய நாள், விடிவதற்கு முன்பே டார்ச் விளக்கோடு இயந்திரத்தைச் சுற்றிவந்து சோதிப்பதில் தொடங்கி, கடைசி வண்டி இறங்கிய பிறகு அதே சோதனையை மறுபடி செய்து கையெழுத்திடுவதில் முடியும். இடைப்பட்ட நேரம் முழுவதும் காத்திருப்புதான். சண்டை என்பது ஹெலிகாப்டர் போய்வரும் இடத்தில் நடப்பது. தளத்தில் இருப்பவருக்கு அது சக்கரத்தில் ஒட்டிய சேறாகவோ, ஸ்ட்ரெச்சரில் இறக்கப்படும் காயம்பட்டவராகவோ மட்டுமே வந்து சேரும்.

அப்படியிருக்க, ஓராண்டு முழுவதும் ஒரே கம்பி வேலிக்குள் இருந்த மனிதருக்கு மெஸ்ஸும் தண்ணீர் லாரியும் நினைவில் நிற்காமல் வேறு எது நிற்கும்? கோமாவில் எங்களுக்கு மிகப்பெரிய எதிரி தூசி. 2002 ஜனவரியில் நியிராகோங்கோ எரிமலை வெடித்து, நகரத்தின் ஒரு பகுதியையும் விமான நிலைய ஓடுபாதையின் வடக்கு முனையையும் எரிமலைக் குழம்பு மூடிவிட்டது. அது இறுகிக் கறுத்த பாறையாகக் கிடந்தது. லாரிச் சக்கரங்களில் அரைபட்டு அந்தப் பாறைத் தூள் எழும்போது, இயந்திரத்தின் காற்று வடிகட்டிகளைச் சுத்தம் செய்வதே ஒரு தனி உத்தியோகமாகிவிடும். இரவில் வடக்கே மலையுச்சிக்கு மேலுள்ள மேகம் உள்ளிருக்கும் குழம்பின் வெளிச்சத்தில் சிவந்து தெரியும். முதல் வாரம் எல்லோரும் அதைப் படம் எடுத்தோம், பிறகு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளமான இடங்களில் உட்காரக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு இருந்தது. எரிமலைப் பகுதியில் நிலத்திலிருந்து கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமாக இருப்பதால் தாழ்ந்த குழிகளில் தேங்கி, ஆடு மாடுகளையும் சில வேளைகளில் மனிதர்களையும் கொன்றுவிடும். உள்ளூர் மக்கள் அதை மசூக்கு என்பார்கள். மலேரியா மாத்திரையை ரோல்காலில் எல்லோர் முன்னிலையிலும் விழுங்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தந்தை சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ரேஷனை ஐ.நா. தந்தது, கோழியும் மீனும் உறைந்த கட்டிகளாக வந்தன. சப்பாத்திக்காரர்களுக்குக் குறை எதுவும் இல்லை. சோற்றுக்காரர்களான நாங்கள்தான் தகரப்பெட்டியில் கொண்டுபோன புளியையும் மிளகாய்ப்பொடியையும் ரூபாய் நோட்டைப்போல எண்ணிச் செலவழித்தோம். ஞாயிற்றுக்கிழமை ரசம் வைத்தால், வாரநாட்களில் எங்களைக் கேலி செய்த பஞ்சாபிச் சகோதரர்களும் தம்ளரோடு வரிசையில் நிற்பார்கள். இவற்றைச் சொல்பவரிடம் சண்டையைச் சொல்லுங்கள் என்று வற்புறுத்தினால், ஒன்று அவர் வாயை மூடிக்கொள்வார், அல்லது கேட்பவரின் ஆசைக்காகக் கற்பனை செய்யத் தொடங்குவார். இரண்டாவது மிகவும் மோசம்.

கோமாவும் நம் ஏற்காடும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். உயரத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் என்ன தொடர்பு?
– பள்ளி ஆசிரியை, ஏற்காடு

இரண்டுமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. ஹெலிகாப்டரின் சுழல் இறக்கை காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே எழுகிறது. தள்ளுவதற்குக் காற்று குறைவாக இருந்தால் எழும் திறனும் குறையும். இயந்திரம் உள்ளிழுக்கும் காற்றும் குறைவதால் அதன் சக்தியும் இறங்கும். வெயில் ஏறினால் காற்று மேலும் மெலியும். ஆகவே காலையில் தூக்க முடிந்த சுமையை அதே ஹெலிகாப்டரால் நண்பகலில் தூக்க முடியாது. பயணிகளையும் அவர்களுடைய பைகளையும் எடை போட்டுத்தான் ஏற்றுவோம். கணக்கு மீறினால் எதை இறக்கிவைப்பது என்ற தகராறு தொடங்கும். உயர்ந்த பதவியில் இருப்பவரின் பெட்டி பெரும்பாலும் இறங்காது என்பதைத் தங்கள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

கோமாவை ஒட்டிய கீவு ஏரியைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் நம் சேர்வராயன் மலையைப் போலவே அராபிக்கா காப்பி விளைகிறது. காப்பித் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்தச் செடிகளைப் பார்த்த அன்று ஊர் நினைவு வந்தது உண்மை. அங்கே பறிப்பவர்களின் கூலியைக் கேள்விப்பட்ட பிறகு வேறு நினைவுகளும் வந்தன.

நீங்கள் விமானம் ஓட்டியதுண்டா?
– 7ஆம் வகுப்பு மாணவர், அஸ்தம்பட்டி

இல்லை தம்பி. ஓட்டியவர் பத்திரமாகத் திரும்பி வரும்படி பார்த்துக்கொண்டேன்.

காங்கோவுக்கு முன்பும் நம் விமானப்படையினர் வெளிநாட்டுத் தளங்களில் இருந்திருக்கிறார்களா?
– ஒரு வாசகர், ஆத்தூர்

இருந்திருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் பிறருடைய தளங்களில், பிறரோடு சேர்ந்து. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், ஜப்பானில் நிறுத்தப்பட்ட காமன்வெல்த் படையின் பகுதியாக, அன்றைய ராயல் இந்திய விமானப்படையின் 4ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) 1946இல் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களோடு கப்பலேறி, மிஹோ என்ற கடலோரத் தளத்தில் 1947 வரை இருந்தது. காங்கோவேகூட எங்கள் தலைமுறையோடு தொடங்கியதன்று: 1961இல் 5ஆம் ஸ்குவாட்ரனின் கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் ஐ.நா. பணிக்காக லியோபோல்ட்வில் சென்றன. காங்கோவிலிருந்து பிரிந்துபோக முயன்ற கட்டாங்கா மாகாணத்தாரின் விமானங்கள் நின்ற கோல்வேசி ஓடுதளத்தை அவ்வாண்டு டிசம்பரில் தாக்கின. அந்த லியோபோல்ட்வில்தான் இன்றைய கின்ஷாசா. 2000ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில், கைலாகுன் என்ற ஊரில் முற்றுகையிடப்பட்டிருந்த இந்திய வீரர்களை மீட்ட நடவடிக்கையில் நம் ஹெலிகாப்டர்கள் பங்கேற்றன. கிழக்குக் காங்கோவில் 2003 முதல் இருந்தோம். தாக்குதல் ஹெலிகாப்டர்கள் 2011இல் திரும்பின. ஐ.நா. பணியில் நம் வண்டிகளுக்கு வெள்ளை வண்ணம் பூசப்படும். வெள்ளையில் எண்ணெய்க் கசிவு உடனே தெரியும் என்பதால் எனக்கு அந்த வண்ணம் பிடித்திருந்தது.

பலாலி இந்த வரிசையில் வராதா? என் சித்தப்பா அங்கே இருந்தார் என்பது அவர் மறைந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.
– ஒரு வாசகி, மேட்டூர்

கட்டாயம் வரும், அதை ஒரே வரியில் கடந்துபோக மனமில்லாததால்தான் மேலே சொல்லாமல் தங்கள் கேள்விக்காக ஒதுக்கினேன். யாழ்ப்பாணத்துக்கு வடக்கேயுள்ள பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்காக அமைக்கப்பட்டது. 1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அமைதிப் படை அங்கே இறங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டபின், ஆட்களையும் பொருள்களையும் கொண்டுவந்து காயம்பட்டவர்களைத் திருப்பி எடுத்துச்சென்ற ஏஎன்-32 விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் பலாலியே முக்கியத் தளமாக இருந்தது.

வெளிநாட்டுத் தளம் என்றால் மொழி புரியாத ஊர் என்றுதான் எந்தப் படைவீரரும் நினைப்பார். தமிழ்நாட்டிலிருந்து பலாலிக்குப் போனவருக்கு மொழி முழுவதும் புரிந்தது. வேலிக்கு வெளியே நின்று தாய்மார்கள் கேட்ட கேள்விகளும் புரிந்தன. கோமாவில் நாங்கள் வேலிக்கு உள்ளே நிம்மதியாக இருந்ததற்கு, வெளியே பேசப்பட்ட சுவாஹிலி புரியாததும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். 1990 மார்ச்சில் படையின் கடைசிப் பகுதி சென்னைக்குத் திரும்பியபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்பு நிகழ்ச்சிக்குச் செல்லவில்லை. அதைச் சரி என்பாரும் தவறு என்பாரும் இன்றும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் வரவில்லை. ஆனால் திரும்பிவந்த தமிழ் வீரர் தம் தெருவில் உட்கார்ந்து எதைப் பேசியிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். பேசியிருந்தால் ஒரு பக்கத்தார் துரோகி என்றிருப்பார்கள், மற்றொரு பக்கத்தார் அவர் சொல்லாத வீரத்தை அவர் வாயில் திணித்திருப்பார்கள். தங்கள் சித்தப்பா பேசாமல் இருந்ததில் வியப்பில்லை. அவருடன் பணியாற்றியவர் யாராவது இருந்தால் தேடிச் சென்று பாருங்கள்; தம் வீட்டில் சொல்லாததை நண்பரின் பிள்ளைகளிடம் சொன்ன சிலரை நான் அறிவேன்.

எங்கள் கொள்ளுத்தாத்தா சிங்கப்பூரில் “சிலேத்தார் கேம்பில்” வேலை பார்த்ததாகச் சொல்வார்கள். அவரையும் முன்னாள் விமானப்படை வீரர் என்று சொல்லலாமா?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

சட்டப்படி அவர் படைவீரர் அல்லர். தளத்தில் பணிபுரிந்த சிவிலியன். சிலேத்தார் 1920களின் இறுதியில் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படைத் தளம். உள்ளே இருந்த சாலைகளுக்குப் பிக்காடில்லி, ரீஜன்ட் ஸ்ட்ரீட், பார்க் லேன் என்று லண்டன் தெருக்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். இதுவும் சாங்கி, தெங்கா ஆகிய விமானத் தளங்களும் செம்பவாங் கடற்படைத் தளமும் எழுத்தர், கொத்தனார், தச்சர், சமையற்காரர், சலவைத் தொழிலாளர் என ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தன. இந்தியர்களில் மலையாளிகள் மிகுதி, தமிழர்களும் இருந்தனர். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு படைகளைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்து, 1971 இறுதிக்குள் பெரும்பாலும் வெளியேறியபோது, வேலையிழந்தவர்களில் பலர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். தங்கள் கொள்ளுத்தாத்தா திரும்பிய ஆண்டு அதையொட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

அங்கே பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்கள் எழுதிய நினைவுகள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். நீச்சல் குளமும் மாலை விருந்தும் நண்பர்களின் முழுப்பெயர்களும் அவற்றில் தவறாமல் வரும். விடியற்காலையில் தேநீர் கொண்டுவந்தவரும் சட்டைக்குக் கஞ்சி போட்டவரும் தொழிலின் பெயரால் மட்டுமே வருவார்கள். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் குறைவுதான், ஏனெனில் கோமாவில் எங்கள் மெஸ்ஸில் பாத்திரம் கழுவியவர்களின் பெயர்களில் ஒன்றிரண்டுதான் எனக்கு நினைவிருக்கின்றன. ஆகவே தங்களிடம் உள்ளதைக் காப்பாற்றுங்கள். புகைப்படம் ஒட்டிய நுழைவு அனுமதி அட்டை, சம்பளச் சீட்டு, வேலையை விட்டபோது அதிகாரி தட்டச்சு செய்து கொடுத்த நற்சான்று போன்றவை வீட்டில் இருந்தால், அவை எந்த விருந்துப் படத்துக்கும் குறைந்த ஆவணங்கள் அல்ல.

கல்லூரிப் பணிக்காகச் சேலம் வட்டாரத்து முன்னாள் விமானப்படையினரைப் பேட்டி காண விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?
– முதுகலை வரலாற்று மாணவி, சேலம்

“உங்கள் மறக்க முடியாத அனுபவம் என்ன?” என்று தொடங்காதீர்கள். பலமுறை சொல்லித் தேய்ந்த கதை ஒன்று அதற்காகவே தயாராக இருக்கும். “உங்கள் டிரேடு (தொழிற்பிரிவு) என்ன?” என்று கேளுங்கள். ஏர்ஃப்ரேம் (விமானத்தின் உடற்பகுதி), இன்ஜின், ரேடியோ, ஆயுதம் என்று ஒவ்வொருவரும் எந்தக் கதவின் வழியே அந்தத் தளத்தைப் பார்த்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு ஒரு சாதாரண நாளைக் காலை முதல் இரவு வரை சொல்லச் சொல்லுங்கள்: குளிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, கடிதம் வர எத்தனை நாளாயிற்று, போனில் பேசக் காத்திருந்த வரிசையில் யார் முன்னால் நின்றார்கள், வீட்டில் குழந்தை பிறந்த செய்தி எப்படி வந்தது. அன்றாட வேலையைப் பற்றிய நினைவு கை பழகியதால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆண்டும் தேதியும் அப்படியல்ல. இரண்டு போஸ்டிங்குகள் ஒன்றாகக் கலந்துவிடும். அவற்றை டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு (பணியிலிருந்து விடுபடும்போது தரப்படும் பணிப்பதிவு) ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மனைவிமாரையும் தனியே பேட்டி காணுங்கள். அந்த ஓராண்டில் வீட்டை நடத்தியவர்கள் அவர்கள்தான், அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. பாதுகாப்பு தொடர்பான எதையாவது சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

இறந்துபோன என் மாமனாரின் பெட்டியில் ஒரு பதக்கம் இருக்கிறது. அதன் நாடாவில் உள்ள பட்டையில் இந்தியில் “காங்கோ” என்று எழுதியிருக்கிறது. அது என்ன?
– குடும்பத் தலைவி, அம்மாப்பேட்டை

அது விதேஷ் சேவா பதக்கமாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் பணியாற்றிய இந்தியப் படையினருக்காக 1960இல் ஏற்படுத்தப்பட்டது. எந்த நாட்டில் பணி என்பதை நாடாவில் கோக்கும் பட்டை காட்டும். ஐ.நா. பதக்கம் வேறு, அதுவும் அதே பெட்டியில் இருக்கக்கூடும். விதேஷ் சேவா பதக்கத்தின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அவருடைய பணி எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். தயவுசெய்து புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகமும் ஓய்வூதிய ஆணையும் இருந்தால் அவற்றின் நகலோடு, சேலத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். பணி விவரங்களைக் கேட்டு டில்லியிலுள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுத அவர்கள் வழி சொல்வார்கள். தங்கள் மாமியார் இருக்கிறார் என்றால் விண்ணப்பத்தை அவர் பெயரிலேயே அனுப்புங்கள்.