‘பழைய வீடு, ஓதம் வரத்தான் செய்யும்’ என்கிறார் காண்ட்ராக்டர்: நஷ்டத்தைக் கேட்க முடியுமா?

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய வீட்டுக்கு பெயின்ட் அடித்து, படுக்கையறையில் வால்பேப்பர் ஒட்டித் தர, ஒரு டெக்கரேட்டரிடம் பொருள், கூலி இரண்டும் சேர்த்து மொத்தமாகப் பேசி வேலையைக் கொடுத்தோம். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். நான்கு மாதத்தில் வால்பேப்பர் உப்பி, ஓரம் பிரிந்து, பின்னால் கருப்பாகப் பூசணம் தெரிகிறது. ஹாலில் ஒரு சுவரில் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. கேட்டால், “பழைய வீடு, சுவரில் ஓதம் இருக்கு. என் வேலையில் குறை இல்லை, பாக்கியைக் கொடுங்கள்” என்கிறார். வேலை தொடங்கும் முன்பே, “படுக்கையறைச் சுவர் தொட்டால் ஜில்லென்று இருக்கிறதே, பரவாயில்லையா?” என்று கேட்டிருந்தேன். “பிரைமர் அடிச்சா நின்னுடும் மேடம்” என்று பதில் போட்டிருந்தார். இப்போது நான் என்ன செய்வது?

பதில்: முதலில், அந்த வால்பேப்பரைக் கிழிக்காதீர்கள். பூசணத்தைப் பார்த்ததும் உரித்துப் போட்டுவிட்டு, அப்புறம் வழக்கறிஞரைத் தேடுபவர்கள் நிறைய. அதற்குள் முக்கியமான சாட்சியமே குப்பைக்குப் போயிருக்கும். சுத்தம் செய்யும் வரை அந்த அறையில் படுக்காதீர்கள். குழந்தைகளோ ஆஸ்துமா உள்ளவர்களோ இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. சுவரில் ஓதம் இருந்தால் அதை உண்டாக்கியவர் அவர் அல்ல. ஆனால் உங்கள் வழக்கு ஓதம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியது அல்ல. தொழில் தெரிந்தவர் என்று நம்பித்தான் அவரிடம் கொடுத்தீர்கள். ஒட்டுவதற்கு முன் அந்தச் சுவரைச் சோதித்தாரா, ஆபத்தைச் சொன்னாரா என்பதுதான் கேள்வி. பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு இருக்கலாம். ஈரம் வெளியே ஆவியாகப் போனால்தான் அந்தச் சுவருக்கு நல்லது. அதன்மேல் காற்றுப் புகாத வினைல் வால்பேப்பரை ஒட்டினால் ஈரம் உள்ளேயே தேங்கிப் பூசணம் பிடிக்கும். பழைய சுண்ணாம்பையும் டிஸ்டெம்பரையும் சுரண்டாமல் அதன்மேலேயே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால், அடியில் இருக்கும் தூளோடு சேர்ந்து புதுப் பெயின்டும் உரிந்து வரும். ஈரமானி வைத்துப் பார்ப்பதற்குச் சில நிமிடம் போதும். அதுகூட இல்லையென்றால், ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டு, உள்ளே ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்க்கலாம். இதெல்லாம் செய்யாமல் ஒட்டியிருந்தால், அது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் ‘சேவைக் குறைபாடு’ என்று நான் வாதாடுவேன்.

உங்களுக்குப் பெரிய பலம் அந்த ஒரு வரி பதில். ஓதம் அவர் கவனத்துக்கு வந்தது, அவர் உறுதி கொடுத்தார் என்ற இரண்டையும் அதுவே காட்டிவிடுகிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையே என்று கலங்க வேண்டாம், வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். பணம் அனுப்பிய விவரமும் இந்த உரையாடலும் அதை நிரூபிக்கும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு போனை மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டிவரும். அசல் போன் உங்களிடம் இருப்பது நல்லது.

ஒன்றை மட்டும் உங்களையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு மாடியில் குழாய் உடைந்ததா? கூரை ஒழுகியதா? அப்படியென்றால் அந்தப் பகுதிக்கு அவரைப் பிடிக்க முடியாது. முன்பே இருந்த ஒழுகலை அவரிடம் மறைத்திருந்தாலும் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். இன்னொன்று, நீங்களே பொருள் வாங்கிக் கொடுத்து, தினக்கூலிக்கு ஆள் வைத்து, நின்று வேலை வாங்கியிருந்தால் அவர் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவாரா என்றே எதிர்த்தரப்பு கேட்கும். நீங்கள் மொத்தமாகப் பேசிக் கொடுத்ததால் அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்து, சுவரைத் தேதியோடு படமும் வீடியோவும் எடுங்கள். ஒரு சிவில் இன்ஜினியரை வரவழைத்து, ஈரத்தின் அளவு, அது வரும் வழி, அடியில் இருந்த பழைய பூச்சு சுரண்டப்பட்டதா என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். அவர் வரும் நாளை டெக்கரேட்டருக்கும் எழுத்தில் சொல்லி, “நீங்களும் வந்து பாருங்கள்” என்று கூப்பிடுங்கள். வராவிட்டால் அதுவும் பதிவாகும். எல்லாம் பதிவான பிறகு சுவரை அப்படியே போட்டு வைக்கவும் கூடாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு நஷ்டஈட்டுக்கு வழிவிடுகிறது. ஆனால் நஷ்டத்தைக் குறைக்க உங்கள் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

பாக்கிப் பணத்தை நிறுத்தி வைக்கலாம், ஆனால் சும்மா மௌனமாக இருக்காதீர்கள். எந்தச் சுவர், என்ன குறை, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதி, அதற்காக நிறுத்துகிறேன் என்று சொல்லுங்கள். மற்ற அறைகளில் வேலை நன்றாக இருந்தால் அதற்கான கூலி அவருக்குச் சேர வேண்டியதே. அதை மறுக்காதீர்கள்.

பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். சரிப்படவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். சேவைக்காகக் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம்தான், 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. குறை வெளிப்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். வழக்கை முடிக்க 3 மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகும். அதனால் அவர் சமரசத்துக்கு வந்தால் கதவைச் சாத்தாதீர்கள்.

அப்படி வந்து, “மறுபடி ஒட்டித் தருகிறேன்” என்றால் உடனே சரி என்று சொல்லிவிட வேண்டாம். ஈரம் வரும் வழி முதலில் அடைக்கப்பட வேண்டும், சுவர் காய்ந்ததா என்று அளந்து பார்க்க வேண்டும், பழைய பூச்சைச் சுரண்டிய பிறகே பட்டி, பிரைமர். இதையும், எந்தத் தேதிக்குள், யார் செலவில் என்பதையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்திய விதிகள் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. எனவே உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்ட வேண்டும், அந்த நேரத்தில் குழந்தைகள் வீட்டில் இருக்கக்கூடாது என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.