பையனை நம்புகிறீர்களா, எம்.பி.பி.எஸ்.ஸையா?

நீட் இரண்டு முறை எழுதியும் சீட் கிடைக்காத பையனோடு பெற்றோர் என்னிடம் ஆலோசனைக்கு வந்திருந்தார்கள், கூடவே பெரியப்பாவும். மூன்றாவது வருஷமும் ரிப்பீட்டர் கோச்சிங்கில் சேர்க்கலாமா என்பது கேள்வி. "அவன் மேல நம்பிக்கை இருக்கு சார், கெட்டிக்காரன்" என்றார் அப்பா. பையன் தலை நிமிரவில்லை. இதெல்லாம் சகஜம் என்று நானும் ஆரம்பித்தேன். ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பினால் அவனுக்கு இன்னொரு வருஷம் போய்விடும்.

கெட்டிக்காரன் என்று சொல்லிச் சொல்லி வளர்ப்பதை ஊக்கம் என்று நினைக்கிறோம். 1998-ல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புதிர்களை முடித்ததும் சிலரை 'நீ புத்திசாலி' என்றும் சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் தடுமாறியபோது சீக்கிரம் சோர்ந்தவர்கள் புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள்தான். எடுத்த மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். மாக் டெஸ்ட் மார்க்கை மகன் மறைக்கிறான் என்று அந்த அம்மா புலம்பியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சரி, வீட்டில் அவன் என்ன செய்கிறான்? "மொட்டை மாடியில மீன் வளர்க்கிறான், படிப்பு போனதே அதாலதான்" என்றார் பெரியப்பா. அப்போதுதான் பையன் வாய் திறந்தான். ஃபைட்டர் மீனில் ஆண்தான் தண்ணீர்ப் பரப்பில் நுரைக்கூடு கட்டும். முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆண் குதறிவிடும். காய்ந்த பாதாம் இலையை ஊறப் போட வேண்டும். பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்தான் தீனி, அதையும் தனியாக வளர்க்கிறான். யாரும் திட்டாமல், கோச்சிங் இல்லாமல் கற்றது இவ்வளவு.

இந்த ஆர்வத்துக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல், நான்கு வருஷப் படிப்பு. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. தூத்துக்குடிக் கல்லூரி 1977-லிருந்தே இருக்கிறது. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் உண்டு. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். ஆனால் இன்ஜினியரிங் விண்ணப்பத்தில் இது வராது, தனியாகப் போட வேண்டும். இன்ஜினியரிங் கவுன்சிலிங் பரபரப்பில் அந்தத் தேதியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. மீன் வளர்ப்பு, தீவனம், நோய், வலை, படகு, பதப்படுத்துதல் எல்லாம் பாடம். இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் நாப்ளியஸ், சோயியா, மைசிஸ் என்று குஞ்சு உருமாறுவதை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது, வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று பி.சி.ஆர். செய்வது, இதெல்லாம் அன்றாட வேலை. முடித்தவர்கள் பொரிப்பகம், தீவன நிறுவனம், ஏற்றுமதி ஆலை என்று போகலாம். அரசு மீன்துறைப் பணிகளுக்கும், வங்கிகளின் விவசாய அலுவலர் தேர்வுக்கும் இந்தப் பட்டம் செல்லும். மேலே படிக்க மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது.

"மீன்காரன் படிப்பா?" என்றார் பெரியப்பா. 2023-24-ல் நாட்டின் கடலுணவு ஏற்றுமதி 60,000 கோடி ரூபாயைத் தாண்டியது, அதில் பெரும்பங்கு இறால் என்றேன். உடனே வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பக்கம் தாவினார். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, இங்கே மறுபடி 12 மாதப் பயிற்சி. அத்தனைக்கும் வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். யோசனை சொன்னவர் வட்டி கட்டப் போவதில்லை. மூன்றாவது கோச்சிங்கும் வேண்டாம். அவனே கேட்டால் பேசலாம், அவன் கேட்கவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. மீன்வளத்தில் இடங்கள் குறைவு, கட்-ஆஃப் லேசானதல்ல. கிடைக்காவிட்டால் அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்து, முதுகலையில் கடல் உயிரியல் பக்கம் திரும்பலாம். அதற்கும் விண்ணப்பம் இப்போதே போட்டு வையுங்கள். அப்புறம், ஒருநாள் அவனோடு தூத்துக்குடி போய் வாருங்கள். அங்கே கேள்விகளை அவன் கேட்கட்டும், பெரியப்பா வேண்டாம்.