கார் சப்வூஃபர் ஆம்பில் கெயின் எவ்வளவு வைக்கணும்? பாதி வால்யூமுக்கு மேலே போனால் பாஸ் கரகரக்கிறதே?

உங்கள் காரில் 12 இஞ்ச் சப்வூஃபரும் மோனோ ஆம்பும் மாட்டியிருப்பதாகச் சொல்லியிருக்கீங்க. கெயினை முக்கால்வாசி திருகி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கீங்க. கோளாறு அங்கேதான் இருக்குங்க.

கெயின் என்பது வால்யூம் இல்லை. டாஷ்போர்டில் இருக்கும் பாட்டு செட்டிலிருந்து ஆம்புக்குப் போகும் ஆர்சிஏ வயரில் வரும் சிக்னல் ஒரு செட்டில் 2 வோல்ட், இன்னொரு செட்டில் 4 வோல்ட் என்று மாறும். எது வந்தாலும் ஆம்பின் முழுப் பவருக்கு அதைப் பொருத்திக்கொள்ளத்தான் அந்தத் திருகு. கூடத் திருகினால் ஆம்புக்குப் புதிதாகப் பவர் வராது. சீக்கிரமே உச்சத்தில் முட்டி, அலையின் தலையைத் தட்டையாக வெட்டிவிடும். உங்கள் காதில் கரகரப்பாக விழுவது அதுதான். அப்படி முழுக்கத் தட்டையான அலையில், அதே உயரமுள்ள நல்ல அலையைப் போல இரண்டு மடங்கு பவர் சப்வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலுக்குள் போகும். அவ்வளவும் சூடுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது வால்பாறை ரோட்டில். பொள்ளாச்சியில் ஒரு கடையில் மாட்டிக் கொடுத்தார்கள். கெயினும், பாஸைத் தனியாக ஏற்றும் பாஸ் பூஸ்ட் திருகும் கடைசி வரை திருகியிருந்தது. கேட்க அருமையாகத்தான் இருந்தது. ஆழியார் தாண்டி கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வண்டிக்குள் ஒரு கருகல் வாசம். "கிளட்ச் கருகுதாட்ட இருக்குது மாப்ள, ஓரங்கட்டு" என்றான் பக்கத்தில் இருந்தவன். நான் மாமனின் மோட்டார் வைண்டிங் பட்டறையிலேயே வளர்ந்தவன். கிணற்று மோட்டார் காயில் எரிந்து வந்தால் பட்டறை முழுக்க வார்னிஷ் வாசம் அடிக்கும். அதே வாசம். டிக்கியைத் திறந்து கோனை விரலால் மெதுவாக அமுக்கினேன், உள்ளே காயில் உரசிக்கொண்டு சரசரவென்றது. மூன்று மாசச் சப்வூஃபர், மனசே ஆறவில்லை.

இப்போது அளந்துதான் வைப்பேன். சப்வூஃபரிலும் ஆம்பிலும் ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் பவர், என்ன போட்டிருக்கிறது, எத்தனை ஓம் என்று பாருங்க. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் மேக்ஸ் வாட்ஸை மறந்துடுங்க. இரண்டு ஆர்எம்எஸ்ஸில் எது குறைவோ அதை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கணும். 250 வாட்ஸ், 4 ஓம் என்றால் பெருக்கினால் 1000, வர்க்கமூலம் 31.6. ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் அத்தனை வோல்ட் வந்தால் போதும்.

சப்வூஃபர் வயரைக் கழற்றிடுங்க. செட்டில் பாஸ், லவுட்னெஸ், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம். ஆம்பில் பாஸ் பூஸ்ட்டும் பூஜ்யம். அது 12 டெசிபெல் ஏறினால் அந்த இடத்தில் 16 மடங்கு பவர் கேட்கும், எந்தக் காயிலும் தாங்காது. கீழ்ச் சத்தத்தை மட்டும் விடும் லோ பாஸ் திருகை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்க. கெயினைக் குறைந்த முனைக்குக் கொண்டுபோய்விட்டு இன்ஜினை ஓடவிடுங்க. 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை 0 டெசிபெல் அளவில் பதிந்ததாகப் பார்த்து, பென்டிரைவில் போட்டு, செட்டின் வால்யூமை நாலில் மூணு பங்கு வையுங்க; 40 வரை போகும் செட் என்றால் 30. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் பிடித்துக்கொண்டு கெயினைத் துளித்துளியாகத் திருகுங்க. உங்கள் கணக்கில் வந்த வோல்ட், மேலே சொன்ன உதாரணத்தில் 31, வந்ததும் கையை எடுத்துடணும். வீட்டுக் கரண்டும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதா மீட்டரே இதைச் சரியாகக் காட்டும். 1000 ஹெர்ட்ஸ் டோனில் கதவு ஸ்பீக்கருக்கு அளந்தால் விலை குறைந்த மீட்டர் பிசகும், அதை நம்ப வேண்டாம்.

எனக்குத் திருகு கால்வாசிகூடப் போகவில்லை. "இவ்வளவுதானா" என்று உங்களுக்கும் தோணும். தொடாதீங்க. பழைய பாட்டுகள் சத்தம் குறைவாகப் பதிந்திருக்கும், அதற்குச் செட்டில் வால்யூமை ஏற்றிக்கலாம்.

ஓட்டை வைத்த போர்ட்டட் பெட்டி என்றால் ரொம்பக் கீழான சத்தத்தை வெட்டும் சப்சோனிக் ஃபில்டரை 25, 30 ஹெர்ட்ஸ் பக்கம் போட்டுடுங்க.

வயரையும் ஒருதரம் பாருங்க. பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃப்யூஸ் கட்டாயம் இருக்கணும், அது இல்லாமல் வண்டியை ஓட்டவே வேண்டாம். பவர் வயரின் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்க. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அதே தடிமனில் செம்பு அளவுக்குக் கரண்ட் தாங்காது. எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் முடுக்கியிருக்கணும். பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருந்தால், கெயினைச் சரியாக வைத்தும் பாஸ் அடிக்கும்போது ஆம்ப் புரொடெக்டுக்குப் போகும், அதாவது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். அப்படிப் போனால் திருகைத் தொடாமல் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்க.