காக்காவிடம் கேளுங்கள்: எழுபதுகளின் ஹெவிவெயிட் யார்?

(காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். நம் காக்கா கீழக்கரைக்காரர். பாம்பனிலிருந்து தொண்டி வரை நாற்பது வருஷம் படகு இன்ஜின் பழுது பார்த்தவர். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி குத்துச்சண்டையைப் பற்றித்தான். ஹெவிவெயிட் என்றால் அதில் பெரிய எடைக்காரர்களின் பிரிவு.)

காக்கா, 1971-ல் ஜோ ஃப்ரேஸியர் முகமது அலியைத் தோற்கடித்தார். 1973-ல் கென் நார்டன் அலியின் தாடையையே உடைத்து ஜெயித்தார். அந்த இரண்டு பேரையும் ஜார்ஜ் ஃபோர்மேன் இரண்டிரண்டு ரவுண்டில் முடித்துவிட்டார். அப்படியானால் எழுபதுகளில் ஃபோர்மேன்தானே பெரியவர்? ஏன் எல்லோரும் அலி அலி என்கிறீர்கள்?
— வாசகர், தேவிபட்டினம்

தம்பி, கணக்கு சரிதான். ஆனால் இது கடைக்கணக்கு. வடகடலில் கண்ணை மூடிக்கொண்டு வலை விடுகிறவன் தென்கடலுக்கு வந்தால் பாரில் (கடலடிப் பாறையில்) மாட்டி வலையைக் கிழித்துக்கொண்டு போவான். அதற்காக அவனுக்குத் தொழில் தெரியாது என்று சொல்வோமா?

ஃப்ரேஸியர் குனிந்து, தலையை ஆட்டி ஆட்டி உள்ளே வருகிற ஆள். உள்ளே வந்தால்தான் அவருடைய இடது ஹூக்குக்கு, அதாவது கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்துக்கு, வேலை. ஃபோர்மேனோ அவரை இரண்டு கையாலும் தள்ளி, சரியான தூரத்தில் நிறுத்தி, கீழிருந்து அப்பர்கட் விட்டார். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இரண்டு ரவுண்டுக்குள் ஃப்ரேஸியர் ஆறு தடவை விழுந்தார். அதுவரை 29 சண்டையில் தோல்வியே பார்க்காதவர். நார்டனுக்கும் அதே கதிதான். அலியின் ஜாபை, அதாவது கையை நீட்டி விடும் நேர்க்குத்தை, தடுக்க அவருக்குத் தெரியும், ஆனால் பெரிய அடிக்காரன் முன்னால் பின்வாங்கி நின்று பிழைக்கத் தெரியாது.

இனி என் கதை. 1974 அக்டோபர் 30, ஜயர் நாட்டுக் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கின்ஷாசாவில் அலியும் ஃபோர்மேனும் மோதினார்கள். அமெரிக்காவில் தியேட்டர்களில் காட்டவேண்டும் என்பதற்காக அங்கே விடிகாலை நாலு மணிக்குச் சண்டை. நமக்குக் காலை எட்டரை. எனக்கு அப்போது பதினாலு வயது. எங்கள் தெருவில் ஃபோர்மேன் ஜெயிப்பார் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. காரணம் குத்துச்சண்டை அறிவு இல்லை, பேர்தான். முகமது அலி என்று பேர் வைத்தவன் தோற்பானா என்று வாப்பா கேட்பார். மூன்று வருஷம் முன்னால் ஃப்ரேஸியரிடம் தோற்றானே என்றால் அன்று சோறு கிடையாது.

சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தது: எட்டாவது ரவுண்டில் ஃபோர்மேன் காலி. கடையே ஆடியது. வாப்பாவின் கூட்டாளி ஒருவர், சங்கு குளிக்கப் போகிறவர், அவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் பேப்பரில் வந்ததை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அலி மேடையைச் சுற்றிய கயிற்றில் சாய்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, ஃபோர்மேனை அடிக்க விட்டார் என்று படித்தேன். "அப்படிச் சொல்லு. அவன் மூச்சை வாங்கிட்டான்" என்றார். ஏழெட்டுப் பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில் சங்கு எடுக்கிறவன் முதல் முக்கிலேயே (மூழ்கும்போதே) வேகமாகக் கையை வீசினால் அடுத்த முக்குக்கு ஆள் இருக்க மாட்டான், வலுவான பையன்கள்தான் முதலில் கெட்டுப்போவார்கள் என்று விளக்கம் வேறு.

சண்டையை முழுசாக நான் பார்த்தது இப்போதுதான், பேரனின் போனில். குளிக்காரர் சொன்னது அப்படியே இருக்கிறது. அதற்கு முன் ஃபோர்மேன் 40 சண்டை போட்டு நாற்பதிலும் ஜெயித்தவர், அதில் 37 நாக்அவுட். பெரும்பாலும் மூன்றாவது ரவுண்டைத் தாண்டியதில்லை. நீளச் சண்டைக்கு மூச்சை எப்படிப் பங்கு போடுவது என்று கற்றுக்கொள்ள அவருக்குத் தேவையே வரவில்லை. அலி கயிற்றில் மட்டும் சாயவில்லை. பக்கத்தில் வரும்போதெல்லாம் ஃபோர்மேனின் பிடரியில் கையைப் போட்டு அமுக்கினார். நூறு கிலோ ஆளின் கழுத்தில் தொங்கினால் என்ன ஆகும்? ஐந்தாவது ரவுண்டு முடியும்போதே கை கனத்துவிட்டது தெரிகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஃபோர்மேன் ரொம்ப நாள் ஒதுங்கியிருந்து திரும்பி வந்து, 1994-ல் 45 வயதில், மைக்கேல் மூரரிடம் ஒன்பது ரவுண்டு அடி வாங்கிக்கொண்டு காத்திருந்து பத்தாவதில் சாய்த்தார். அதே ஆள், இருபது வருஷம் பிந்திப் பாடம் படித்துவிட்டார். அந்த ஃபோர்மேனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆக, எழுபதுகளின் ஆள் அலிதான். இப்போது பேருக்காகச் சொல்லவில்லை. ஃப்ரேஸியர் மூன்று முறை, நார்டன் மூன்று முறை, ஃபோர்மேன், குவாரி, லைல், ஷேவர்ஸ்: அந்தக் காலத்தில் யாரையெல்லாம் கண்டு மற்றவர்கள் ஒதுங்கினார்களோ அவர்களையெல்லாம் தேடிப்போய் நின்றார். அதுவும் ராணுவத்துக்குப் போக மறுத்ததற்காக மூன்றரை வருஷம் சண்டையே போடாமல் உட்கார்ந்துவிட்டு வந்தபிறகு.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 1976 செப்டம்பரில் யாங்கி ஸ்டேடியத்தில் நார்டனோடு போட்ட மூன்றாவது சண்டையை, பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐஸ் பில்லின் பின்பக்கம் ரவுண்டு ரவுண்டாக எழுதினேன். எனக்கு நார்டன்தான் எட்டு, அலி ஏழு. நடுவர்கள் மூன்று பேரும் அலிக்குக் கொடுத்தார்கள். கடைசி ரவுண்டில் ஜெயித்தாயிற்று என்று நம்பி நார்டன் சும்மா நின்றது அவர் கார்னர்காரர்கள் (மூலையில் நிற்கும் பயிற்சியாளர்கள்) செய்த பிழை. வாப்பா இருந்திருந்தால் இந்தப் பத்தியை எழுத விட்டிருக்க மாட்டார்.

அப்படியானால் ஃப்ரேஸியர் மூன்றாவது இடமா?
— வாசகி, மண்டபம்

வரிசைப்படி அப்படித்தான் வரும், சொல்ல மனசு வரவில்லை. அந்தப் பத்து வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரியை எடு என்றால் 1971 மார்ச் 8 ஃப்ரேஸியரை எடுப்பேன். அவரோடு அன்று யார் நின்றிருந்தாலும் தோற்றிருப்பார்கள். சிறு வயதில் பன்றி துரத்தி விழுந்ததில் அவர் இடது கை முறிந்து வளைந்தபடியே கூடிவிட்டது. அந்த வளைந்த கைதான் ஹூக் ஆயிற்று. 1975 மணிலாவில் அலியோடு பதினாலு ரவுண்டு முடிந்து, கண் தெரியாமல் இருந்தவரை, பயிற்சியாளர் எடி ஃபட்ச் பதினைந்தாவதுக்கு விடவில்லை. சாவுக்குப் பக்கத்தில் போன மாதிரி இருந்தது என்று ஜெயித்த அலியே சொன்னார். குளிக்காரரின் கணக்குப்படி, அன்று இரண்டு பேருமே மூச்சைத் தீர்த்துவிட்டார்கள்.

கியூபாவின் ஸ்டீவன்சனை ஏன் யாரும் பேசுவதில்லை?
— மாணவர், ராமநாதபுரம்

1972, 76, 80 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் ஹெவிவெயிட் தங்கம். சொல்லிப் பார்க்கவே பெருமையாக இருக்கிறது. ஆனால் அவர் தொழில்முறைக்குப் போகவில்லை. அமெச்சூரில் மூன்று நிமிஷம் வீதம் மூன்று ரவுண்டு, தொழில்முறையில் அப்போது பட்டச் சண்டைக்குப் பதினைந்து ரவுண்டு. ஒன்பது நிமிஷத்தை நாற்பத்தைந்து நிமிஷத்தோடு எப்படி நிறுப்பது?

அலி சென்னைக்கு வந்தாராமே, பார்த்தீர்களா?
— வாசகர், ஏர்வாடி

1980-ல் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. நான் போகவில்லை, அன்று கையில் ரயில் காசு இல்லை. போகாததும் ஒருவகையில் சரிதான். அந்த வருஷம் அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து ரவுண்டு முடிந்ததும் அலியின் கார்னரே நிறுத்திவிட்டது. ஹோம்ஸ் பெரிய ஆள்தான், ஆனால் அவர் காலம் எண்பதுகள். அதை அடுத்த வாரம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இதுவரை ஒரு குத்துச்சண்டைகூடப் பார்த்ததில்லை. முதலில் எதைப் பார்க்கலாம்?
— வாசகி, தங்கச்சிமடம்

மணிலாவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் தங்கச்சி, மனசு கனத்துவிடும். 1971 அலி-ஃப்ரேஸியர் சண்டையைப் பாருங்கள். அடுப்பில் எதையும் வைக்காமல் உட்காருங்கள். பதினைந்தாவது ரவுண்டு வரும்போது பிள்ளைகள் போன் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அந்த இடது ஹூக் அங்கேதான் வருகிறது.