கைச் சதை குறைய, கைக்கு மட்டும் பயிற்சி செய்தால் போதுமா?

போதாது. மேல்கையின் பின்பக்கம் தொளதொளவென்று தொங்குவது தோலுக்கடியில் சேர்ந்த கொழுப்பு. கைக்கு மட்டும் செய்யும் ‘டோனிங்’ பயிற்சி உள்ளே இருக்கும் தசையைத்தான் வலுவாக்கும். கொழுப்பை உடல் பல இடங்களிலிருந்தும் எடுத்துச் செலவழிக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியில் எந்தக் கரையில் மோட்டார் வைத்து இறைத்தாலும் மொத்த மட்டம்தானே இறங்கும்?

அதனால் சாப்பாட்டில் அளவு, வாரம் 150 நிமிடமாவது பெசன்ட் நகர் கடற்கரையில் வேகநடை. அப்புறம் வாரம் 2 நாள் தசைக்கு: 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரு கையாலும் தலைக்குமேல் தூக்கி, முழங்கையை மடக்கிப் பின்கழுத்து வரை இறக்கி ஏற்றுங்கள். முழங்கை காதை ஒட்டியே இருக்கட்டும், அதுதான் முக்கியம்.

பளு தூக்கினால் ஆண்கள் கை மாதிரி ஆகிவிடும் என்று பெண்கள் பயப்பட வேண்டாம். தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு.