ஓடாத பாட்டை எவன் திருடினான்?

கேள்வி: மாதாமாதம் போனுக்கு ரீசார்ஜ் செய்கிறேன். அதற்கு மேல் பாட்டுக்கென்று வேறு காசு கொடுக்க வேண்டுமா? டெலிகிராமில் இறக்கிக்கொள்கிறேன். படத்துக்குக் கோடிக்கணக்கில் வாங்கும் இசையமைப்பாளருக்கு என் ஒருவனால் என்ன நஷ்டம் வந்துவிடும்?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ரீசார்ஜ் காசு போன் கம்பெனிக்குப் போகிறது. புல்லாங்குழல் வாசித்தவருக்கு அதில் கால் காசு கிடையாது. பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தேன், அதனால் இறங்கிய ஊரில் ஓட்டல் சாப்பாடு இலவசம் என்பீர்களா?

நீங்கள் சொல்வதில் பாதி சரிதான். கோடிகளில் வாங்குபவருக்கு உங்களால் பெரிய நஷ்டம் இல்லை. அவர் சம்பளம் தயாரிப்பாளர் கொடுத்தது. வாத்தியம் வாசித்தவர்களும் கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போனவர்கள். அடி விழுவது ஆடியோ கம்பெனிக்கு. ‘கம்பெனிக்குத்தானே, விழட்டும்’ என்பீர்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

பத்து ஆல்பம் வாங்கினால் ஒன்றோ இரண்டோதான் ஓடும். மீதியெல்லாம் குடோனில் தூங்கும். ஓடியவை தூங்கியவற்றின் கடனையும் அடைக்க வேண்டும், அடுத்த வருடம் யாரோ ஒரு புதுப் பையனை நம்பிப் பணம் போடவும் மிச்சம் வைக்க வேண்டும். திருட்டு கேசட் போட்டவன் என்றைக்காவது ஓடாத பாட்டைத் திருடியிருக்கிறானா? நடைபாதையில் விற்ற எம்பி3 சிடியை நினைத்துப் பாருங்கள். 700 எம்பி, பாட்டுக்கு 5 எம்பி, ஆக 140 பாட்டு. அத்தனையும் ஹிட். தோற்றவற்றின் செலவில் ஒரு பைசா ஏற்காமல் ஜெயித்ததை மட்டும் சலித்து எடுத்துக்கொண்டான். அதனால் வாய்ப்பு போனது, படத்துக்கு வெளியே தனி ஆல்பம் போட நினைத்த, நாம் பெயரே கேள்விப்படாத பாடகருக்கு.

நானும் யோக்கியன் இல்லை. கல்லூரி நாட்களில் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து, 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கியவன்தான். ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டில், இரண்டாவது சரணத்தின் நடுவே டேப் தீர்ந்து ‘டக்’கென்று நிற்கும். என் பட்டியலிலும் ஓடாத பாட்டு ஒன்றுகூட இருந்ததில்லை.

பாட்டுகளை இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள வைத்த நாப்ஸ்டர் வந்த 1999-ல் அமெரிக்காவில் இசைப்பதிவு வருமானம் 1,460 கோடி டாலர். 2014-ல் அது 700 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. முழுப் பழியையும் திருடர்கள் தலையில் கட்டுவது கம்பெனிகளின் வழக்கம். நான் கட்டமாட்டேன். ஒரே ஒரு பாட்டுக்காக முழு சிடியையும் வாங்க வைத்த வியாபாரம், 2003-ல் ஆப்பிளின் இணையப் பாட்டுக் கடையான ஐட்யூன்ஸ் பாட்டுக்கு 99 சென்ட் என்று உதிரியாக விற்கத் தொடங்கியதும் ஆட்டம் கண்டது. தவிர, இலவசமாக இறக்கிய எல்லோரும் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது.

நம் ஊர்க் கம்பெனிகளும் உத்தமர்கள் இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத்துக்காகப் போட்ட பாட்டுக்கு முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொல்லிவிட்டது. அவரிடமிருந்து கம்பெனி வாங்கிவிடும். பாட்டு எத்தனை வருடம் விற்றாலும் எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு அன்று கொடுத்ததுதான். ‘கம்பெனி மட்டும் கொடுத்ததா?’ என்று அந்தக் காலத்தில் நீங்கள் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் சிரமமாக இருந்திருக்கும்.

ஆனால் அந்தச் சாக்கு 2012-லேயே காலாவதியாகிவிட்டது. அந்த ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டரில் படத்தோடு ஓடுவது போக மற்ற வருமானத்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. அதை ஒப்பந்தம் போட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. பாடகர்களுக்கும் ராயல்டி உரிமை வந்தது. ஆக, அன்று நான் பதிந்து வாங்கிய கேசட்டைவிட இன்று நீங்கள் இறக்கும் பாட்டுதான் பாட்டெழுதியவரின் பையில் நேராகக் கை வைக்கிறது.

காசுகூட வேண்டாம் ஐயா. விளம்பரத்தோடு வரும் இலவச ஆப்பில் கேட்டாலே சில பைசாவாவது அவர்கள் பக்கம் போகும். விளம்பரம் அரை நிமிடம்தான்.